மாலை போட்ட சர்வர்

"பேக்கப் எடுக்கறது பெரிசில்லம்மா. அதை வெச்சு செத்த சர்வரை எழுப்பிக் காட்டு. இன்னிக்கே உன் வேலையை நிரந்தரமாக்கறேன்" என்றார் மேலாளர் துரைசாமி, இந்துஜாவிடம்.

அன்று விஸ்வகர்மா பூஜை; வங்காளிகள் கருவிகளுக்கு ஓய்வு கொடுத்துக் கும்பிடும் நாள். பெஹாலா அலுவலகத்தில் யாரும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார்கள்.

சர்வர் அறையில் அச்சு அசலாக இரண்டு யூனிக்ஸ் பெட்டிகள்: ஒன்று ஓடும் நிஜ சர்வர், மற்றது சோதனைக்கு. பெயர்ச் சீட்டுகள் தெரியாமல் குங்குமம் அப்பியிருந்தது. ஒன்றுக்கு மட்டும் சாமந்தி மாலை. கம்பெனியின் உயிராயிற்றே என்று அதைக் கும்பிட்டுவிட்டு, மாலையில்லாத பெட்டியின் முன் உட்கார்ந்தாள் இந்துஜா.

டிஸ்க்கை முழுதாக அழித்தாள். காலையில் நிஜ சர்வரிலிருந்து பேக்கப் எடுத்த பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிப் பெட்டியைக் கிளப்பினாள். திரையில் எழுத்துகள் கொட்டின. கடைசியில் சமர்த்தாக லாகின் கேட்டது.

"பிரமாதம்! ஒரு ஃபைல்கூடக் குறையலை!" துரைசாமி தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பெருமையடிக்கத் தொடங்கினார். வெளியே வானம் முழுக்கப் பூஜை நாள் பட்டங்கள். இந்துஜாவும் அவற்றோடு பறந்தாள்.

பூஜை செய்த தபன்தா சந்தேஷ் இனிப்பை நீட்டினார்.

"ஓடற சர்வருக்கு மாலை ரொம்ப அழகு, தபன்தா!"

"ஓடறதுக்கு யாராவது மாலை போடுவாங்களா தீதி? காத்து அடைச்சு சூடேறிடாதா? நான் போட்டது டெஸ்ட் பெட்டிக்கு."

இந்துஜா தான் அழித்த பெட்டியின் குங்குமத்தைச் சுரண்டிப் பார்த்தாள்; நிஜ சர்வரின் பெயர்.

துரைசாமி போனை வைத்துவிட்டு வந்தார். "அடுத்த வருஷம் நிஜ சர்வரையே அழிச்சுட்டு எழுப்பணும். அந்தத் துணிச்சல் இருக்கா உனக்கு?"

இந்துஜா கையிலிருந்த சந்தேஷை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"இருக்கு சார்."