ஒழுகாத வண்டி

தெரிந்தவர்கள் யாரும் வேண்டாம் என்றுதான் ஊரின் மறுகோடியிலிருந்த அந்த மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுவந்திருந்தாள்.

"எந்த வாரம் பார்த்தாலும் கூலன்ட் குறைவாவே இருக்குண்ணே. வீட்டுக்காரர் ஊத்திக்கிட்டேதான் இருக்கார்."

மெக்கானிக் இன்ஜினைக் குளிர்விக்கும் குழாய்களில் பிரஷர் ஏற்றிப் பார்த்தார். ஹோஸ்கள் காய்ந்திருந்தன. ஆயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை.

"சொட்டுக்கூட ஒழுகலம்மா."

"நல்லாப் பாருங்கண்ணே. எங்கயாவது ஒழுகணும்."

பக்கத்திலிருந்த மூடியைத் திறந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கண்ணாடி கழுவுற தண்ணித் தொட்டியில ஊத்தி வெச்சிருக்காரும்மா! அதுவும் இந்த வண்டிக்குச் சொன்ன சிவப்பு வகை இல்ல, பச்சை. சார் ஆபீஸ்ல பேனா மட்டும் பிடிக்கிறவரோ?"

அவள் அந்த மூடியை எடுத்துத் தொட்டியை மூடினாள்.

"அவரே முப்பது வருஷமா சொந்தமா கார் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கார்ண்ணே. இப்பல்லாம் என் பேரே சில நேரம் அவருக்கு வரமாட்டேங்குது. கோளாறு வண்டியிலதான் இருக்கும்னு நம்பி வந்தேன்."

மெக்கானிக்கின் சிரிப்பு அடங்கியது.

"இன்னைக்கு அவர்கிட்ட எத்தனை வண்டி நிக்குதும்மா?"

"மூணு. ஒண்ணுல பிரேக் வேலை."

அவர் அவசரமாகக் கையைத் துடைத்தார்.

"வேலை கேட்டு வர்ற ஆள் மாதிரி இப்பவே அங்க வர்றேன். நீங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."