துறையின் அடியில்

"அம்மா, இன்னிக்கோட உங்க வாயை அடைக்கப் போறோம். சிலுவை மேல வரட்டும். அப்புறம் சேறு கீறுன்னு ஊருக்குள்ள யாரும் மூச்சு விடக்கூடாது."

மேனேஜர் தெமிஸ் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் படகுத்துறையில் கூடியிருந்த யாரும் சிரிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அவன் நடத்தும் மீன் பண்ணையில்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

"வரட்டும், பார்ப்போம்" என்றாள் ஆர்கிரோ. பாதிரியார் அந்திமோஸின் மனைவி. வளைகுடாவில் மிதக்கும் பண்ணைக் கூண்டுகளை வெளிக்கடலுக்கு மாற்ற வேண்டும் என்று மனுவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவள் அவள்தான். அவளுடைய அண்ணன் வலையை இழுத்தால் மீனுக்குப் பதில் கொழகொழவென்று பாசி வருகிறது. அவன் படகை விற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறான்.

"மாசா மாசம் தண்ணியை எடுத்து சோதனை பண்றோம்மா. நைட்ரஜன், பாஸ்பரஸ், எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு. பேப்பரைக் காட்டினேனா இல்லையா?"

"தண்ணியில எப்படி இருக்கும்? உங்க மீன் தின்ன மிச்சமும், கழிச்சதும் கடலுக்கு உரம். பாசி அதை உடனே தின்னு கொழுத்துப் போகுது. அப்புறம் செத்து, அடியில போய்ச் சேறாப் படியுது. மேலாக்க மொண்டு பார்த்துட்டு சுத்தம்னா ஆச்சா? அடியைத் தோண்டிப் பாரு."

"அதைத்தானே இன்னிக்குப் பார்க்கப் போறோம்!"

பந்தயத்தை ஆரம்பித்தவன் அவன்தான். புத்தாண்டன்று காபிக் கடையில், "வருஷா வருஷம் திருமுழுக்கு நாள்ல சாமி கடல்ல எறியற சிலுவையை நம்ம பசங்க முங்கி எடுத்துட்டா, அடி சுத்தம்னு ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டான். கணவர் வாயைத் திறப்பதற்குள் ஆர்கிரோ ஒத்துக்கொண்டுவிட்டாள். சிலுவை வந்தால் மனுவைக் கிழித்துப் போடுவது. வராவிட்டால் ஊர் மொத்தமும் அதில் கையெழுத்துப் போடுவது. பக்கத்து ஊர்களில் எல்லாம் சிலுவைக்குக் கயிறு கட்டித்தான் எறிகிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கயிறு கட்டுவது மானக்கேடு.

அந்திமோஸ் ஜெபத்தை முடித்துப் பித்தளைச் சிலுவையை ஓங்கி எறிந்தார். ஜனவரிக் குளிரில் ஏழெட்டுப் பேர் தொபுதொபுவென்று குதித்தார்கள். ஒவ்வொருவராக வெறுங்கையோடு மேலே வந்தார்கள்.

"ஒரு எழவும் தெரியல" என்றான் ஒருவன், பல் கிடுகிடுக்க.

"குளிர்காலத்துல கலங்கல் இல்லாம, கண்ணாடி மாதிரியா இருக்கும்?" என்று தெமிஸ் அதட்டினான். ஆனால் அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

ஆர்கிரோ கண்களை மூடிக்கொண்டாள். ஆண்டவரே, உம்முடைய சிலுவை இன்று கிடைக்காமலே போகட்டும். ஒரு பாதிரியார் மனைவி இப்படி வேண்டிக்கொள்வது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வேண்டினாள்.

கடைசியாக ஸ்ட்ராட்டிஸ் மட்டும் கீழே இருந்தான். பண்ணைக் கூண்டுகளுக்குள் முங்கிச் செத்த மீன்களைப் பொறுக்குகிறவன். வேலைக்குப் போடும் ரப்பர் உடையோடுதான் குதித்திருந்தான். மூச்சடக்குவதில் அவனை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. நிறைமாதக்காரியான அவன் மனைவி ஃபோதினி துறையின் விளிம்பில் நின்று தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, இன்னும் காணோம்?"

"யாராவது இறங்குங்கடா! பொம்பளை நிக்கிறா பாரு!"

ஆர்கிரோ கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

தண்ணீர் பிளந்தது. ஸ்ட்ராட்டிஸின் தலை தெரிந்தது. அடுத்து, உயர்ந்த கை. கையில் சிலுவை.

கோயில் மணி அடித்தது. படகுகள் எல்லாம் ஹாரன் ஊதின. ஃபோதினி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "என்னம்மா, சேறு எங்க போச்சு? சூப்பு வெச்சுக் குடிச்சிட்டீங்களா?"

தெமிஸ் முன்னால் வந்தான். மனுவுக்காகக் கையை நீட்டினான். ஆர்கிரோ அவனிடம் கொடுக்கவில்லை. பையிலிருந்து மனுவை எடுத்துத் தானே நாலாகக் கிழித்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கோயிலுக்குள் அந்திமோஸ் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

"உங்க ஆண்டவருக்கும் தெமிஸ்தான் சம்பளம் குடுக்கிறானா? ஒரே ஒரு நாள் அவர் சும்மா இருந்திருக்கக்கூடாதா? கையை நீட்டினா விரல் தெரியாத தண்ணி அது. அதுல இருந்து எப்படி எடுத்துக் குடுத்தார்?"

"அவர் மேல பழி போடாதே, ஆர்கிரோ."

"பின்ன யார் மேல போடறது? இனிமே அந்தக் கூண்டுங்க நம்ம பேரன் காலம் வரைக்கும் அங்கயேதான் கிடக்கும்."

அவர் மடிப்பதை நிறுத்தினார்.

"வெறுங்கையோட வந்தா நாளைக்கு வேலைக்கு வராதேன்னு தெமிஸ் அந்தப் பையன்கிட்ட சொல்லியிருக்கான். விடியக்காலையில ஸ்ட்ராட்டிஸ் இங்க வந்து அழுதான். 'கிடைக்காம மேல வர மாட்டேன் சாமி. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஃபோதினியைப் பார்த்துக்குங்க'ன்னான்."

ஆர்கிரோவின் குரல் இறங்கியது. "அதான் உயிரைப் பணயம் வெச்சு எடுத்துட்டானே."

"எங்க எடுத்தான்? நான் எறிஞ்சது இன்னும் நீ சொன்ன சேத்துக்குள்ளதான் புதைஞ்சு கிடக்குது" என்றார் அந்திமோஸ். "அவன் தூக்கிக் காட்டினது, காலையில நானே அவன் உடுப்புக்குள்ள வெச்சு அனுப்பினது."