ஏழாம் நம்பர்

"சத்தியமா சொல்றேன், அது பொண்ணே இல்ல" என்றான் லாயிட், மடக்கு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபடி.

பக்கத்தில் டோனட் தின்றுகொண்டிருந்த கிளென், "எது?" என்று கேட்டான்.

"அந்த ஏழாம் நம்பர்தான். தலையப் பாரு, ஒட்ட வெட்டியிருக்கு. ஓடற ஓட்டத்தப் பாரு. பன்னெண்டு வயசுப் பொண்ணு இப்படியா உதைக்கும்?"

சஸ்காட்சுவான் மாகாணத்தில், சிறுமிகளுக்கான கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். லாயிடின் மகள் ஜோலீன்தான் உள்ளூர் அணியின் கோல்கீப்பர். வெளியூர் அணியின் ஏழாம் நம்பர் அவளைத் தாண்டி மூன்று கோல் போட்டிருந்தது.

"எனக்கும் வந்ததுலேருந்து அதே சந்தேகம்தான்" என்றான் கிளென், சர்க்கரை ஒட்டிய விரலை நக்கிக்கொண்டு. "போய்க் கேளு. நாங்க இருக்கோம்ல?"

"கேட்டுத்தான் ஆகணும்" என்றாள் பின்னால் குடை பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு தாய். இன்னும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

லாயிடுக்கு அது போதும். கோட்டைத் தாண்டி விறுவிறுவென்று மைதானத்துக்குள் நடந்தான்.

நடுவர் மார்னா விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினாள். "லாயிட், ஆட்டம் நடக்கும்போது உள்ள வரக் கூடாதுன்னு தெரியாதா?"

"பையனக் கூட்டிட்டு வந்து பொண்ணுங்களோட ஆட விட்டிருக்காங்க. அது மட்டும் கூடுமா? பொண்ணுங்க ஆட்டம்னா எளக்காரமா? நம்ம புள்ளைங்களுக்கு நியாயம் கேக்க ஆள் இல்லியா? செக் பண்ணுங்க."

"யார?"

லாயிட் கையை நீட்டிக் காட்டினான்.

மைதானமே அந்த விரல் போன திசையில் திரும்பியது. ஏழாம் நம்பர், இரண்டு கைகளாலும் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் அம்மா ஓடி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று லாயிட் நெஞ்சை நிமிர்த்தினான். அவளோ அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளிடம் போய் மண்டியிட்டாள்.

"நான் வேணா வெளில உக்காந்துக்கவாம்மா?"

"நீ எதுக்கு ரெமி உக்காரணும்? நீ என்ன தப்பு பண்ணின?" அம்மா அவள் விரல்களைச் சட்டை நுனியிலிருந்து விடுவித்தாள்.

மார்னா லாயிடிடம் திரும்பினாள். "புகார்னு வந்தா விசாரிச்சுத்தான் ஆகணும். ஆனா ஒருத்திய மட்டும் தனியா நிக்க வெக்க மாட்டேன். கேட்டா ரெண்டு டீம்லயும் அத்தன பேரையும் கேப்பேன். உங்க ஜோலீன்லேருந்து ஆரம்பிக்கலாமா?"

"ஜோலீனையா?" லாயிடுக்குச் சுரீரென்றது. "என் பொண்ண எதுக்குச் செக் பண்ணணும்? அவ பொண்ணுதான்னு பாத்தாலே தெரியலியா? மூணு கோல் விட்டிருக்காளே!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

யாரோ சிரித்தார்கள். சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

கோல் கம்பத்தருகே நின்றிருந்த ஜோலீன் தலையைக் குனிந்து தன் கையுறைகளையே பார்த்தாள். பனி கொட்டிய மாதங்களில் கராஜ் சுவரில் பந்தை அடித்து, எகிறி எகிறிப் பிடித்துப் பழகியவள். அந்தச் சத்தம் தாங்காமல் டி.வி.யின் ஒலியைக் கூட்டி வைத்தவன் லாயிட்.

"அப்ப புகார் இருக்கா, இல்லியா?" என்றாள் மார்னா.

லாயிட் உதவிக்குக் கிளெனைத் திரும்பிப் பார்த்தான். கிளென் டோனட் டப்பாவுக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். குடைக்காரத் தாய் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்ல" என்றான். திரும்பி வெளியே நடந்தான். போகும்போது பத்தடியாக இருந்த தூரம் திரும்பும்போது நீண்டுகொண்டே போனது.

ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் ரெமி ஓடவில்லை. பந்து தன்னிடம் வந்தால் சுடுவதுபோல, பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க லாயிடுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

அப்போது கோல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய், ஏழு! பயந்துட்டியா? ஓடி வாடி! முடிஞ்சா இன்னொண்ணு போட்டுப் பாரு!"

ஜோலீன்தான். கையுறைகளைத் தட்டித் தட்டி அழைத்துக்கொண்டிருந்தாள்.

ரெமி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

அடுத்த பந்து அவள் காலுக்கு வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியையும் தாண்டினாள். முழு பலத்தோடு உதைத்தாள். வலையின் வலது மேல் மூலையைப் பார்த்துப் பறந்தது பந்து. அதற்கு முன்னால் ஜோலீன் பறந்தாள்.

சேற்றில் விழுந்து எழுந்தபோது பந்து அவள் மார்போடு இருந்தது. ரெமி ஓடி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

லாயிட் எல்லாவற்றையும் மறந்து துள்ளி எழுந்து கைதட்டினான். "சபாஷ்டா! சபாஷ்டா என் ராஜா!"

வேறு யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

ஜோலீனும் பார்த்தாள். முகவாயில் வழிந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு, பந்தை அணைத்தபடி, கோட்டோரமாக அவனை நோக்கி இரண்டடி வந்தாள். அவள் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"இப்பவும் நான் பொண்ணுதானாப்பா?"