பாதி விலைப் பாலம்

“பாப்பா கேட்ட பாலம் கட்டுற பில்டிங் செட் இங்க மறுபடியும் விலை ஏறிடுச்சுங்க. இறக்குமதி வரி, கப்பல் கூலின்னு கடைக்காரர் அடுக்குறார்” என்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனிடம் போனில் புலம்பினாள்.

“அநியாயம்! இங்க பாதி விலைதான். கூரியர்ல அனுப்பட்டுமா?”

“அதுக்கும் வரி கட்டணுமே. கூட்டிக் கழிச்சா இங்கத்த விலையே வந்துடும்.”

மூன்று முறை லீவைத் தள்ளிப்போட்டவன் அவன். ஆனால் காசு விஷயத்தில் கெட்டி.

“சரி, அடுத்த மாசம் நானே கையோட கொண்டு வர்றேன்.”

போனை வைத்ததும் ஓட்டமும் நடையுமாகக் கூடத்துக்கு வந்தாள். போன மாதமே வாங்கிவிட்ட அதே செட்டில் பாதிப் பாலம் கட்டியிருந்த மகள் நிமிர்ந்தாள்.

“அப்பா வர்றாராம்மா?”

“வர்றார்டி! எல்லாத்தையும் பிரிச்சுப் பெட்டியில போடு. ஒரு துண்டுகூட அவர் கண்ணுல படக் கூடாது!”