ஏழு குழிகள்

ஆஸ்பத்திரி இயந்திரம் நீட்டிய மருந்துப் பொட்டலத்தை வீட்டுக்கு வந்து பிரித்ததுமே சடைச்சிக்கு வாசனை பிடிபட்டுவிட்டது. வள்ளிக்கிழங்கு மாவு! வெள்ளைக்காரன் கோடு கிழித்துக் காட்டைப் பிடுங்கியபோது மலைக்குடிப் பளியர் வாயிலிருந்து போன கிழங்கு. ரேஷன் அரிசி தின்று ஊருக்கே சர்க்கரை வந்த பிறகு, வேளைக்கு ஒரு கரண்டி மருந்தாகத் திரும்பியிருக்கிறது.

"நம்ம கெழங்கை இடிச்சு நமக்கே குடுக்குறான் பாரு," என்று தோண்டுகுச்சியை எடுத்தாள்.

"வேலியத் தாண்டாத புள்ள, பறவை புடிச்சிரும்," என்றான் கால்புண்ணோடு கிடந்த கணவன் முடியன். வனத்துறையின் காவல் பறவைக்கு மலையிலுள்ள ஒவ்வொரு கொடியும் அத்துப்படி. ஒன்று குறைந்தாலும் ஆளை விடாது.

மதியம் அவள் மடி நிறையக் கிழங்கோடு திரும்பினாள். பின்னாலேயே இரும்புச் சிறகை விரித்தபடி பறவையும் வந்து வாசலில் நின்றது.

"தோண்டிய குழிகள் ஏழு. காணாமல் போன கொடிகள்..." என்று இழுத்தது. சந்தேகத்தோடு காட்டுக்குப் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒன்றுமில்லை," என்றது.

முடியன் வாயைப் பிளந்தான்.

"கெழங்கை எடுத்தா கொடித்தலையக் குழியில வச்சு மண்ணு மூடாம எந்தப் பளிச்சி எந்திரிப்பா?" என்றாள் சடைச்சி.

பறவை உள்ளே எட்டிப் பார்த்தது. அதன் கண் மருந்துப் பொட்டலத்தில் நிலைத்தது.

"இந்த மாவில், காட்டில் காணாமல் போன கொடிகள் பதினொன்று."

சடைச்சி பொட்டலத்தைக் காலால் வாசலுக்குத் தள்ளினாள்.

"அப்ப அதைப் புடிச்சிட்டுப் போ."