மறைத்த கமெண்ட்

பழனி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அட்மிஷன் பதிவின் கீழே, விடுதியில் தங்கியிருந்த, மலைமேல் பள்ளங்கி ஊர்ப் பையன் டிக்சன், "சார், பன்னெண்டாம் ரூம்ல சுவத்தத் தொட்டா ஷாக் அடிக்குது. வெரசா ஆள் அனுப்புங்க" என்று எழுதியிருந்தான்.

"அட்மிஷன் நேரத்துல இதென்னய்யா திருஷ்டிப் பொட்டு?" என்றார் பதிவாளர்.

கமெண்டை மறைத்தேன். மறைத்தாலும் எழுதியவர் கண்ணுக்கு அது வழக்கம்போலத் தெரியும். பதில் வருமென்று அவன் காத்திருந்திருப்பான். மூன்றாம் நாள் அந்தச் சுவரில் ஷாக் அடித்து இறந்தான்.

அஞ்சலிப் பதிவையும் நானே எழுதினேன். "உருக்கமா எழுதிட்டீங்க" என்று பதிவாளர் கைகொடுத்தார்.

நேற்று மதியம் அதன் கீழே டிக்சனின் கணக்கிலிருந்து ஒரு கமெண்ட் வந்தது: "சார், பதிமூணாம் ரூம்லயும் அடிக்குது."

உடனே எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். அதற்கு முன்பே அந்தக் கமெண்டை மறைத்திருந்தேன்.