பேய் பிரேக்

“என் வண்டியில பேய் பூந்திருக்கும்மா! பேயையும் சேர்த்துத்தான் விக்கிறீங்களா?”

மேசையைத் தட்டியவர் ஒரு தொழிலதிபர். எதிரே நின்றவள், வண்டி தானாக பிரேக் போடுவதற்கான மென்பொருளை எழுதிய பொறியாளர். பக்கத்தில் அவளுடைய மேலாளர், கையைப் பிசைந்துகொண்டு.

பேய் என்ற சொல் அந்த அலுவலகத்துக்குப் புதிதல்ல. எதிரே ஒன்றுமே இல்லாதபோது வண்டி தானாக நின்றுவிட்டால், அதற்கு அங்கே ‘பேய் பிரேக்’ என்றுதான் பெயர்.

கோபமாக வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது அவள் வழக்கம். டம்ளரை நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தார்.

“எங்க சார் நிக்குது?”

“என் வீட்டு வாசல்லயே! காலையில கேட்டைத் தாண்டினதும் சடார்னு நிக்குது. தினம் இதே கூத்து. நான் ஆபீஸ் போறதா, இல்ல பேய் ஓட்டுறதா?”

“எதிர்ல நாய், பூனை ஏதாவது...”

“எங்க வாசல்ல ஒரு காஞ்ச இலைகூடக் கிடக்காது, தெரியுமா? துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். அப்புறம் எதைப் பாத்து நிக்குது உங்க வண்டி?”

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். “சென்சார் ரொம்ப பயப்படுது. பாதியாக் கொறைச்சிரு. இன்னைக்கே எல்லா வண்டிக்கும் அப்டேட் அனுப்பிரு.”

“எல்லா வண்டிக்குமா? குறுக்க யாராவது வந்தா லேட்டாத்தான் நிக்கும் சார். என் கையால அனுப்ப மாட்டேன்.”

“அப்ப நான் வேற கையைப் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குக் கிளம்பு!”

அவள் கிளம்பவில்லை. கடவுளை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். வண்டி தானாக நின்ற ஒவ்வொரு முறையும், முன்பக்கக் கேமரா எடுத்த படம் இணையம் வழியாக அலுவலகத்துக்கு வந்துவிடும். அன்று காலைப் படத்தை ஓடவிட்டாள். வண்டி நின்ற இடத்தில் அதை நிறுத்தினாள்.

மேலாளரும் எட்டிப் பார்த்தார்.

திரையைத் தொழிலதிபர் பக்கம் திருப்பினாள். “நல்லாப் பாருங்க சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மூலைக்கு மூலை நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு, வழக்கில் ஜெயித்தவர் போல நிமிர்ந்து மறுபடியும் மேசையைத் தட்டினார்.

“நான்தான் சொன்னேனே! வாசல் பெருக்குற பொம்பளையைத் தவிர யாருமே இல்ல!”